கோதுமை தொடாத கேக்

கேக் நமது பாட்டிமார் அறியாத பதார்த்தம். அவர்கள் காலத்தில் பிறந்த நாள் என்றால் எண்ணெய் ஸ்நானம், கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம். அவ்வளவோடு குழந்தைக்கு ஒரு வயது கூடிவிடும். இன்று அப்படியில்லை. மெழுகுவர்த்தியும் கேக்கும் இல்லாத பிறந்த நாளைக் குழந்தைகள் பிறந்த நாளாகவே ஒப்புக்கொள்வதில்லை. இந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்று விவாதிக்க நான் முற்படவில்லை. வழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த வழக்கத்தில் ஊரார் குழந்தைகளெல்லாம் கலந்துகொள்ள, ஒரு குழந்தை மட்டும் விலகி உட்கார வேண்டி வந்தால் அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பிறந்த நாள் கொண்டாடும் பிள்ளை கேக்குத் துண்டுகளை ஏந்தி வரிசை வரிசையாக வரும்போது அவள் தன் இரு கைகளையும் மேஜைக்குக் கீழே மறைத்துக்கொள்வாள். ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கு முதலில் காரணம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். பிடிக்காத பண்டத்தை யாரும் அந்தப் பார்வை பார்ப்பதில்லை என்பது பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் கழித்தவர்களுக்குத் தெரியும்.

அவளுக்கு இருந்தது சீலியாக் என்னும் நோய். பல வருஷங்களாக அவள் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாமல் இருந்தாள். இரத்த சோகைக்காக இரும்புச் சத்து மருந்து புட்டி புட்டியாக உள்ளே போயிற்று; பயனில்லை. வயிறு ஊதுவதும் பேதியாவதுமாகக் காலம் கழிந்தது. கடைசியில் ஒரு வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்து, சிறுகுடலிலிருந்து கடுகளவு சதையை எடுத்துப் பார்த்து, "இந்தக் குழந்தைக்குக் கோதுமை ஆகாது, ஆயுள் முழுவதும் ஆகாது" என்று சொன்னார். மருந்து என்ன என்று பெற்றோர் கேட்டார்கள். மருந்து கிடையாது; கோதுமையை விடுவதுதான் மருந்து என்றார்.

விஷயம் இதுதான். கோதுமையிலும், அதன் இனத்தைச் சேர்ந்த பார்லி, ரை என்னும் தானியங்களிலும் குளூட்டன் என்ற பசையம் உண்டு. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதனால் யாதொரு கெடுதலும் இல்லை. சிலருடைய உடலில் மட்டும், பிறவியிலேயே அமைந்த ஒரு கூறு காரணமாக, இந்தப் பசையம் உள்ளே போனதும் நோயை எதிர்க்க வேண்டிய சேனை தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. குடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் இழைகளைப் போல் நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. உணவின் சாரத்தை உறிஞ்சுகிறவை அவைதான். அவை போனால் வயிறு நிறையச் சாப்பிட்டும் குழந்தை பட்டினி கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இது வட நாட்டு வியாதி, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கும் தென்னாட்டில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் இருப்பதாகக் கண்டார்கள். ஆயிரத்துக்கு ஒருவர் என்பது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்கள் நம்மில் எத்தனை! மேலும் தென்னாட்டில் இது அபூர்வமாக இருப்பதனாலேயே யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்க்காததனால் குழந்தை வருஷக்கணக்கில் வாடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வயிற்றுக் கோளாறு கண்ட குழந்தைக்கு இதுவாக இருக்குமோ என்று ஐயுற்று, தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு செய்யும் பரிசோதனையில் நோய் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். முதலில் வைத்தியர், பிறகு பரிசோதனை, அதன் பிறகே பத்தியம். கோதுமையை விடுவது நாகரிகம் என்று கருதி விடுகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் விட்டால் கோதுமைக்கும் நஷ்டமில்லை, அவர்களுக்கும் பெரிய லாபமில்லை.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்த கதை சுவையானது. 1888-ல் லண்டன் வைத்தியர் ஸாமுவேல் கீ என்பவர் இந்நோயை விவரித்து எழுதினார். இதற்குக் குணம் உண்டானால் அது உணவினால்தான் உண்டாகும் என்றும் ஊகித்தார். ஆனால் எந்த உணவு என்பது அவருக்குப் புலப்படவில்லை. தினந்தோறும் சிப்பி மாமிசம் தின்று தேறிய ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். சிப்பி கிடைக்கும் பருவம் முடிந்ததும் குழந்தை மீண்டும் நோயில் விழுந்ததாம். 1924-ல் நியூயார்க்கில் ஸிட்னி ஹாஸ் என்ற வைத்தியர் வாழைப்பழப் பத்தியம் கொண்டு பல குழந்தைகளைத் தேற்றினார். ரொட்டியை நிறுத்திய பலன் அது. புகழ் என்னவோ வாழைப்பழத்துக்குப் போயிற்று.

உண்மையைக் கண்டவர் ஹாலந்து தேசத்து வில்லெம் டிக்கே. ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். யுத்தத்துக்கு முன்னாலேயே அவருக்குக் கோதுமையின் மேல் ஐயம் இருந்தது. 1944-45-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானியரின் பிடியிலிருந்த மேற்கு ஹாலந்தில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி இல்லை. ஜனங்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கை வேக வைத்துத் தின்றார்கள். ஊர் முழுவதும் மெலிந்த அந்த நாட்களில் சீலியாக் குழந்தைகள் மாத்திரம் தேறினார்கள். யுத்தம் முடிந்து ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. டிக்கே பின்னர் குழந்தைகளுக்கு அளந்து உணவு கொடுத்துச் சோதித்து, 1950-ல் உட்ரெக்ட் சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்த நூலில் கோதுமையே காரணம் என்று ஐயமற நிறுவினார். அதில் உள்ள பசையந்தான் நஞ்சு என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். இந்நோய் உள்ள குழந்தைக்குக் கேக் செய்வதென்றால் மைதாவுக்குப் பதில் வேறு மாவு போடுவதோடு காரியம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். மாவை மாற்றுவது பாதி வேலைதான். மறு பாதி, கோதுமை எந்த வழியாகவும் உள்ளே நுழையாமல் காப்பது. எவ்வளவு கோதுமை கெடுதல் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் பசையம் மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடத் தொடங்குகிறது என்று 2007-ல் ஓர் ஆராய்ச்சியில் கண்டார்கள். ஏறக்குறைய அரை கிராம் மைதாவில் அந்த அளவு பசையம் அடங்கிவிடும். கேக் டின்னில் ஒட்டாமலிருக்க நெய் தடவி மைதா தூவுகிறோமே, அந்தத் தூவல் போதும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருந்தால் அந்தப் பண்டத்தைப் 'பசையமற்றது' என்று விற்கக் கூடாது என்பது ஸர்வதேச விதி. நமது நாட்டு விதியும் அதுவே. நெருப்பில் வெந்தால் தோஷம் போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். போகாது. பசையம் ஓவன் சூட்டுக்கெல்லாம் அஞ்சுவதில்லை.

அரிசி மாவில் கோதுமை ஏது என்பீர்கள். மாவு மில்லுக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போகிறார். அடுத்தவர் அரிசியைக் கொட்டுகிறார். இயந்திரத்தின் வயிற்றில் மிச்சமிருந்த கோதுமை மாவு அத்தனையும் அந்த அரிசி மாவோடு வெளியே வருகிறது. சாதாரணக் குடும்பத்துக்கு இதனால் ஒன்றுமில்லை. நம் சிறுமிக்கோ அந்த மாவில் செய்த இடியாப்பமும் ஆகாது. ஆகவே இந்தக் குழந்தைக்கு வேண்டிய அரிசி, கேழ்வரகு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்து, அதற்கென்று வைத்த தனிச் சல்லடையில் சலிப்பதே உத்தமம். பழைய சல்லடையின் கண்களில் இருக்கும் கோதுமைத் தூளை எத்தனை கழுவினாலும் முழுதும் போக்க முடியாது. சப்பாத்திப் பலகையும் மரக் குழவியும் அப்படியே.

இன்னொரு மறைவிடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. இனிப்புக்குப் பெருங்காயம் வேண்டாந்தான். ஆனால் பிறந்த நாள் பலகாரத்தில் மிக்ஸரும் முறுக்கும் கூட வருமல்லவா? மால்ட் சேர்ந்த பானப் பொடிகளில் பார்லி உண்டு. ரவை, சேமியா ஆகியவை கோதுமையின் மறு வேஷங்கள். ஓட்ஸில் கோதுமை இல்லையென்றாலும் வயலிலும் ஆலையிலும் அது கோதுமையோடு கலந்து புழங்குகிறது. திருநெல்வேலி அல்வாவோ கோதுமைப் பாலிலேயே கிண்டுவது. சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டோமே என்று ஆறுதலடைய வேண்டாம், பாலில் கலந்த பசையமே போதும்.

இவ்வளவு கெடுபிடியையும் ரொட்டிக் கடைக்காரரிடம் எதிர்பார்க்க முடியாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் மைதா பறக்கும் இடத்தில் மைதா படாத பண்டம் எப்படிச் செய்வார்? ஆகையினால்தான் இந்தக் குழந்தைக்குரிய கேக் வீட்டில் பிறக்க வேண்டியிருக்கிறது. எந்த டப்பாவில் என்ன மாவு இருக்கிறது, அதை யார் தொட்டார்கள் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும்.

மாவை மாற்றுவது எப்படி என்று பார்க்கு முன், மைதா கேக்கில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி வைத்திருந்து, பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் கசக்கிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக மாப்பால் கரைந்து போகும். கையில் ரப்பரைப் போல் இழுபடும் ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் பசையம். இத்தாலியில் பொலோனியா நகரத்துப் பெக்காரி என்பவர் இப்படிப் பிரித்தெடுத்த செய்தி 1745-ல் அச்சாயிற்று. (கோதுமையை விட்ட வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், பள்ளிக்கூடத்து ஸயன்ஸ் அறையில் செய்யட்டும்.) அந்த ரப்பர் வலைதான் ரொட்டியில் எழும் வாயுவைப் பிடித்து வைத்து அதைப் பூரிக்கச் செய்கிறது. அரிசியிலோ கேழ்வரகிலோ அந்த வலை கிடையாது. எனவே கோதுமையில்லா ரொட்டி மிகவும் கடினமான வித்தை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

கேக்கின் சமாசாரம் வேறு. கேக் மிருதுவாக இருக்க வேண்டும். பசை அதிகமானால் அது தோல் போலாகிவிடும். அதற்காகத்தான் மாவைப் போட்ட பிறகு அதிகம் கலக்காதே என்று எல்லாச் சமையல் புத்தகங்களும் சொல்கின்றன. பிஸ்கோத்துக்கும் அப்படியே, ஸ்காட்லாந்து தேசத்தார் தங்கள் வெண்ணெய்ப் பிஸ்கோத்து மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமென்று கோதுமையோடு அரிசி மாவையும் கலப்பது வழக்கம். ஆக, பசையம் அற்பமாக வேலை செய்யும் இடங்களில் அதை நீக்கிவிட்டு, அந்த அற்ப வேலையை முட்டைக்கோ பருப்புக்கோ கொஞ்சம் இசப்கோலுக்கோ கொடுத்துவிடலாம்.

முதலில் எளிதானதைச் சொல்கிறேன். மாவே இல்லாத கேக் உலகத்தில் பல உண்டு. ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கலீஸியாவில், ஸந்தியாகோ நகரத்தின் பெயரால் ஒரு பாதாம் கேக் செய்கிறார்கள். அடியில் கோதுமை மாவுத் தகடு வைத்துச் செய்யும் வகையும் உண்டு. வைக்காத வகையே நமக்கு வேண்டியது. 250 கிராம் பாதாம் பருப்பை, அதே எடைச் சர்க்கரையில் ஒரு பிடியைச் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். மீதிச் சர்க்கரையை ஐந்து முட்டைகளோடு நுரை ததும்ப அடித்து, எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள் பாகத்தை மாத்திரம் துருவிப் போட்டு, சிறிது லவங்கப்பட்டைத் தூளும் சேர்த்து, பாதாம் தூளை மெல்லக் கலந்து, பட்டர் பேப்பர் விரித்த டின்னில் ஊற்றி 175 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டால் போதும். மேலே சிலுவை வடிவத்தில் ஒரு தாளை வெட்டி வைத்துப் பொடித்த சர்க்கரையைத் தூவித் தாளை எடுத்துவிடுவது அங்கத்திய வழக்கம். நாம் குழந்தையின் பெயரின் முதலெழுத்தை வெட்டி வைக்கலாம். பாதாமின் விலை பயமுறுத்தினால் பாதிக்குப் பாதி முந்திரி போடுங்கள். ருசி சற்று வேறுபடும், குறைவுபடாது.

அடுத்தது கேழ்வரகுக் கேக். நம் வீடுகளுக்கு இதுவே நிரந்தரமாக நிற்கும் என்பது என் அபிப்பிராயம். கேழ்வரகு மாவு 125 கிராம், அரிசி மாவு 50 கிராம், அரரூட்டு மாவு 25 கிராம், இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி. இவற்றை 150 மில்லி தயிரிலும் 175 கிராம் வெல்லப் பொடியிலும் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். இந்த அரை மணிதான் ரகசியம். அரிசியும் கேழ்வரகும் கோதுமையைப் போல் உடனே தண்ணீர் குடிப்பதில்லை. பொறுமையின்றி உடனே அடுப்பிலேற்றினால் கேக்கைக் கடிக்கும்போது மணல் போல் நறநறக்கும். ஊறிய பிறகு 100 கிராம் உருக்கிய வெண்ணெயும் நன்கு அடித்த மூன்று முட்டைகளும் சேர்த்து, கடைசியில் பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் ஸோடா கால் தேக்கரண்டி, ஏலம், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி போட்டுக் கலக்கி, 170 டிகிரியில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிஷம் சுட வேண்டும். பேக்கிங் பவுடர் டப்பாவில் என்ன மாவு கலந்திருக்கிறது என்று வாங்கும்போதே படித்துவிடுங்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போடுவது முக்கியம். கோப்பையால் அளந்தால், நெருநெருவென்று அரைத்த மாவுக்கும் நைஸாக அரைத்த மாவுக்கும் எடை வித்தியாசப்பட்டு, ஒரு நாள் வந்த கேக் மறுநாள் வராது.

இசப்கோலைப் பேதி மருந்தாக மாத்திரம் அறிந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குஜராத்தில் விளைந்து உலகெங்கும் போகும் சரக்கு அது. தண்ணீரில் பட்டதும் வழுவழுவென்று கூழாகிறதே, அந்தக் குணந்தான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு தேக்கரண்டியில் வயிறு ஒன்றும் சொல்லாது.

பிஸ்கோத்து இன்னும் சுலபம். அரிசி மாவு 100 கிராம், வீட்டில் அரைத்த பொட்டுக்கடலை மாவு 50 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், உருக்காத நெய் ஏறக்குறைய 80 கிராம், ஏலம், ஒரு சிட்டிகை ஸோடா. மாலாடு பிடிக்கத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல. நெல்லிக்காயளவு உருட்டித் தட்டி 160 டிகிரியில் கால் மணிக்குச் சற்று மேல் சுட்டு, தட்டிலேயே முற்றிலும் ஆற விட வேண்டும். சூட்டோடு தொட்டால் உதிர்ந்துவிடும். பிடித்து வைக்கப் பசையம் இல்லை அல்லவா?

ஓவன் இல்லாத வீடுகளும் உண்டு. கவலையில்லை. கனமான பாத்திரத்தில் ஓர் அங்குலம் உப்பைப் பரப்பி, அதன் மேல் முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிஷம் காய வைத்து, கேக் டின்னை உள்ளே இறக்கிச் சிறு தீயில் வைத்தால் கேழ்வரகுக் கேக் நன்றாகவே வேகும். நேரம் மட்டும் சற்று அதிகமாகும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் கிறிஸ்துமஸ் சமயத்து விடியற்கால ஆராதனை முடிந்து வருவோர் உண்ணும் பிபிங்கா என்னும் அரிசி மாவுக் கேக்கை, வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றி, கீழேயும் மேலேயும் கரி நெருப்பு வைத்துத்தான் சுடுகிறார்கள். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் வாழையிலையும் சேர்ந்தால் அது நமக்கு அந்நியப் பண்டமா, என்ன!

முட்டை புழங்காத வீடுகளுக்கு என்ன வழி என்று கேட்பது நியாயமே. பாதாம் கேக் அவர்களுக்கு வராது. வீணாக முயல வேண்டாம். பிஸ்கோத்தில் முட்டையே இல்லை. கேழ்வரகுக் கேக்கில் மூன்று முட்டைக்குப் பதிலாக, மூன்று மேஜைக்கரண்டி ஆளி விதைப் பொடியை அதைப் போல் மூன்று பங்கு தண்ணீரில் ஊற வைத்துச் சேர்க்கலாம். கேக் அவ்வளவு உயரமாக எழும்பாது. ஆனால் ஈரமாகவும் ருசியாகவும் இருக்கும். கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீர் முட்டையின் வெண்கருவைப் போல் நுரைக்கும் என்று 2014-ல் பிரான்ஸ் தேசத்துப் பாடகர் ஒருவர் கண்டறிந்தார். அந்தத் தண்ணீரை வெண்கருவின் பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி, ஆற வைத்து, இரண்டு மேஜைக்கரண்டியை ஒரு வெண்கருவாகக் கணக்கிடுவது வழக்கம்.

வெண்கரு என்றதும் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். அதிரசம் இருக்கிறது, எள்ளுருண்டை இருக்கிறது, மைசூர்பாகு இருக்கிறது, கோதுமை கலவாத நம் பக்ஷணங்கள் ஆயிரம் இருக்க இந்தக் குழந்தைக்குக் கேக் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்தச் சமாதானம் பெரியவர்களுக்குத்தான் சமாதானம். மற்றக் குழந்தைகள் தின்பதைத் தானும் தின்ன வேண்டும் என்பது குழந்தையின் ஆசை. அதிரசத்தின் பெருமையைச் சொல்லி அதை அடக்க முடியாது. ஆனால் ரொட்டிக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலேயே, பிறவியிலிருந்து கோதுமை அறியாத பண்டம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அதுதான் தூத்துக்குடி மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெண்கரு, இவ்வளவே சரக்கு. ஐரோப்பாவில் பாதாமில் செய்வதை இந்தத் துறைமுகத்தில் முந்திரியில் செய்தார்கள். முந்திரியும் போர்த்துகீசியர் பிரேஸிலிலிருந்து கொண்டு வந்ததுதான். கடையில் வாங்கினால் மைதாப் புழுதி படிந்திருக்குமோ என்ற பயம் உண்டு. வீட்டில் செய்தால் அந்தப் பயமில்லை.

நான்கு முட்டையின் வெண்கரு. மஞ்சள் கரு ஒரு துளியும் கலக்கக் கூடாது, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. நுரை எழும்பியதும் 200 கிராம் பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டு அடிக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும், கரகரப்பாகப் பொடித்த முந்திரி 200 கிராமை மேலிருந்து கீழாக மெல்லப் புரட்டிக் கலந்து, பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதனுள் நிரப்பி, தட்டில் சிறு கோபுரங்களாகப் பிழியுங்கள். 110 டிகிரியில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை. இது சுடுவதன்று, உலர்த்துவது. நிறம் மாறத் தொடங்கினால் சூடு அதிகம் என்று அறிந்து குறைக்க வேண்டும். முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலைத் தண்ணீரில் செய்கிறவர்கள் முந்திரியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும். அதன் எண்ணெயை அந்த நுரை தாங்காது.

என் வகுப்புச் சிறுமியின் தாயார் இதைத்தான் கற்றுக்கொண்டார். மாதத்துக்கு ஒரு முறை ஒரு டப்பா நிறைய மக்ரூன் செய்து, மூடியில் மகளின் பெயரெழுதி, ஆசிரியர் அறை அலமாரியில் வைக்கக் கொடுத்தார். யாருக்காவது பிறந்த நாள் வந்தால் அவளும் தன் டப்பாவைத் திறப்பாள். சில வாரங்களில் மற்றப் பிள்ளைகள் தங்கள் கேக்கை விட்டுவிட்டு அவளிடம் கை நீட்டத் தொடங்கினார்கள். டப்பா மாதம் முழுவதும் வரவில்லை. தாயார் இரண்டு டப்பா அனுப்ப வேண்டியதாயிற்று.

காற்றுப் புகாத டப்பாவில் மக்ரூன் இரண்டு மூன்று வாரம் கெடாமலிருக்கும். மழைக்காலத்தில் நமுத்துப் போனால் 100 டிகிரி ஓவனில் பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் மறுபடியும் மொறுமொறுப்பாகிவிடும். கேழ்வரகுக் கேக்கோ மறுநாளே உலரத் தொடங்கும். அன்று தின்றது போக மீதியைத் துண்டு போட்டுப் பனிக்கட்டி அறையில் வைத்து, வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து ஆவியில் காட்டிக் கொடுங்கள். ஆவி காட்டும் இட்லிப் பானையில் முன்பு ரவை இட்லி வெந்திருந்தால் துணியை மாற்றிவிட்டுக் காட்டுங்கள்.